பெயர் எழுதிய குப்பிகள்

அத்தியாயம் பதினொன்று

குப்பியைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள் ஜெபிஷா. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவளே அவள்தான்.

ருசியே இல்லை.

இருபத்தாறு வருடமாகத் திட்டிக்கொண்டே குடித்த வெள்ளம்; ஊரில் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். நாக்கில் பட்டால் தெரியாதா? முதலில் லேசாக உப்பு, பிறகு சுண்ணாம்பு தொட்டதுபோல ஒரு கரகரப்பு. குப்பியின் மேல் அவளுடைய கையெழுத்தில் ‘ரசலையன் வீடு’ என்று அப்பாவின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது ரசலையன் வீட்டு வெள்ளம் இல்லை.

“அறுபது வீடு. அறுபதும் முப்பதுக்கு அங்ஙன இங்ஙன,” என்றான் பிரபின். ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவன். “உங்க ஊருல மழை நேரா குழாய்க்குள்ள விழுகா ஜெபி?”

அவள் சிரிக்கவில்லை. அந்தக் குப்பியிலிருந்தே ஐம்பது மில்லி எடுத்து, மருந்தும் நிறப்பொடியும் போட்டாள். சிவப்பு. மேலே கண்ணாடிக் குழலைத் திறந்து சொட்டுச் சொட்டாய் விட்டாள். ஒன்றரை மில்லியில் நீலமாகிவிட்டது. கடினத்தன்மை முப்பது. கல்லூரிக் கடைசி வருடத்தில் இதே வீட்டு வெள்ளத்தைச் சோதித்தபோது ஐநூற்று அறுபது இருந்தது.

“கேன் வெள்ளம்,” என்றாள். “அறுபது வீட்டிலயும் கேன் வெள்ளத்தை ஊத்திக் குடுத்திருக்காங்க.”

“நீதானே பிடிச்ச?”

அவள் குழலை மூடினாள்.

கள்ளியடிவிளை மண்டைக்காட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் உள்ளே இருக்கிற ஊர். அங்கே அறுபது வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து அனுப்பச் சொல்லிப் போன வாரம் கடிதம் வந்தது. கடினத்தன்மை அதிகமுள்ள ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வரும். சொந்த ஊர்தானே என்று ஜெபிஷாவையே அனுப்பினார்கள்.

வீடு வீடாய்ப் போக வேண்டும். குழாயை இரண்டு நிமிடம் ஓட விட்டு, அதே தண்ணீரில் குப்பியை மூன்று முறை அலசி, தன் கையால் பிடிக்க வேண்டும். அதுதான் விதி.

அவள் போகவில்லை. போயிருந்தால் அறுபது வீட்டிலும் சாயா தருவார்கள், அறுபது வீட்டிலும் ஒரே கேள்வி கேட்பார்கள். “உனக்கு எப்ப மக்கா?” வேதியியல் படித்த பெண் என்று அவளைப் பற்றி ஊர் பெருமையாகச் சொல்லும். பக்கத்தில் வந்து உட்காரும்போது மட்டும் கல்யாணத்தைத் தவிர வேறு பேச்சு அவர்களிடம் இல்லை. அவளிடமும் அவர்களோடு பேச எதுவும் மிச்சமில்லை. அதனால் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஆலய வராந்தாவில் நின்று, வீட்டுப் பெயர் எழுதிய குப்பிகளைக் கொடுத்தாள். ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது நிரப்பிக் கொண்டுவந்து தந்தார்கள். படிவத்தில் ‘என் முன்னிலையில் குழாயிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே அறுபது முறை கையெழுத்துப் போட்டாள். அடுத்த மூன்று நாள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டாள். சோதனையைப் பிரபின்தான் முடித்து, முடிவுகளை அனுப்பினான்.

“பட்டியல் இன்னைக்கு அஞ்சு மணிக்கு முடியும்,” என்றான் பிரபின். “உங்க ஊரு அதுல இல்ல. நல்ல தண்ணி உள்ள ஊருக்கு எதுக்குக் குழாய்?”

“திருத்தம் அனுப்பலாமா?”

“அனுப்பலாம். யாரு பிடிச்சா, எப்படிப் பிடிச்சான்னு உண்மையை எழுதணும். எழுதினா திங்கக்கிழமை நீ இங்க வராண்டாம்.” கொஞ்சம் தயங்கினான். “சும்மா கிட. உங்க ஊர்க்காரங்களே நல்ல வெள்ளம்னு சொல்லும்போ உனக்கு என்ன?”

ஜெபிஷா பன்னிரண்டு காலிக் குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்போது மணி பத்தரை.

*

அம்மா தங்கபாய் அடுக்களையில் பருப்பு வேகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பருப்பு வேகாது, சும்மா கொதிக்கும். ஸ்டீல் சருவப் பானையின் உள்விளிம்பில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் காரை. குழாயின் வாயில் அதே காரை கட்டித் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து விழும்.

மூலையில் கேன் இருந்தது. இருபது லிட்டர். அதில் கால்வாசி குறைந்திருந்தது.

“எம்மா, ஞாயித்துக்கிழமை குப்பியில என்னத்த ஊத்தின?”

தங்கபாய் திரும்பிப் பார்க்கவில்லை. “வெள்ளம்.”

“எந்த வெள்ளம்?”

“நல்ல வெள்ளம்.”

“குழாயில பிடிக்கச் சொன்னேன் இல்லியா?”

“பிடிக்கத்தான் போனேன்.” அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏட்டி, நீ யோசிச்சுப் பாரு. பிடியரிசி டப்பாவை எங்க வச்சுத் தருவினும்? அதே வராந்தாவில. அதுலயும் வீட்டுப் பேரு. நெதம் சோறு வைக்கும்போ ஒரு பிடி அதுல போட்டு ஞாயித்துக்கிழமை கொண்டு குடுப்போம். அதுல புழுத்த அரிசியைப் போடுவோமா? சபையில வச்சுப் பேரெழுதி ஒரு பாத்திரம் தந்தா அதுல உள்ளதிலே நல்லதைத்தான் ஊத்தணும். உன் குப்பியும் அப்பிடித்தான் வந்தது.”

ஜெபிஷாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியவில்லை. வராந்தாவைத் தேர்ந்தெடுத்தது அவள்தானே.

“அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில எப்படித் தோணிச்சு?”

அம்மா கரண்டியை மறுபடி எடுத்தாள்.

“நீயா சொன்ன?”

“ஞானம் சித்தி கேட்டா, குழாய் வெள்ளத்தையா ஊத்துததுன்னு. நான்தான் சொன்னேன், வேண்டாம் பிள்ளே, பேரு எழுதிருக்குன்னு. அவ நாலு பேருக்கிட்ட சொன்னா.” தங்கபாய் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். “முடிவைப் பஞ்சாயத்துச் சுவத்துல வீட்டுப் பேரோட ஒட்டுவாங்கன்னு நீதானே சொன்ன? நேசம்மாள் கண்ணுல பட்டா?”

இப்போதுதான் முழுவதும் விளங்கியது.

நேசம்மாள் என்பவள் சிதறால் பக்கத்துச் சம்பந்தக்காரி. அவளுடைய மகள் சுனிதாவின் போட்டோ போன வாரம்தான் வந்திருந்தது. ஜெபிஷாவின் அண்ணன் ஜெனித்துக்குப் பார்த்த ஆறாவது பெண். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், முப்பத்து மூன்று வயது, குடிக்க மாட்டான், சொந்த வீடு. பெண் வீட்டார் எல்லாம் பிடித்துத்தான் வருவார்கள். நாலாவதாய் வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, “வெள்ளம் கொஞ்சம் கடுப்பு, இல்லியா?” என்று கேட்டார்கள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. உப்புத்தண்ணி ஊருக்குப் பெண்ணைக் கெட்டிக் கொடுக்க மலைப்பக்கத்து ஆட்களுக்கு மனம் வராது.

“நேசம்மாள் முதல்ல சபையைக் கேட்டா. பிறகு வேலையைக் கேட்டா. மூணாவது வெள்ளத்தைக் கேட்டா,” என்றாள் அம்மா. “கல்கண்டுன்னு சொல்லிட்டேன்.”

“கெட்டிட்டு வந்தபிறகு அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா என்ன? எனக்குத் தெரியலியா? நான் இருக்கலியா?”

பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

“என்னைத் திருவட்டாறுல இருந்து இங்க கெட்டிக் குடுக்கும்போ யாரும் வெள்ளத்தைக் கேக்கல,” என்றாள் தங்கபாய். குரலில் அழுகை இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “முதல் நாள் தலை குளிச்சேன். சீயக்காய் போகல்ல. நாலு குடம் ஊத்தினேன், அப்பவும் போகல்ல. மாமி வந்து சொன்னாவ, இங்க இப்பிடித்தான், பழகிரும்னு. முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு.”

“அதுக்குத்தான் நான் ஆத்து வெள்ளம் கொண்டு வரப் பாக்குதேன்!”

“கொண்டு வா. யாரு வேண்டாம்னா? ஜெனித்துக்குக் கல்யாணம் கழியட்டும், பிறகு கொண்டு வா.”

“பட்டியல் இன்னைக்கு முடியுது எம்மா. விட்டா இனி எத்தனை வருஷமோ.”

அம்மா அடுப்பைக் குறைத்தாள். “அப்பா நெய்யாற்றின்கரையில கொத்து வேலைக்குக் காலையில ஆறு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவாவ. நீ நாகர்கோவில். அவன் மஸ்கட். பகல் முழுக்க இந்த வீட்டுல நானும் இந்தக் குழாயும்தான். ஒரு மருமவ வந்தா ஒரு வாக்குப் பேசலாமேன்னு பாத்தேன். அது தப்பா?”

ஜெபிஷா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலி ஓரத்தில் நின்று தண்ணீர் திறக்கக் காத்திருந்தாள். அம்மாவிடம் கோபப்பட முடியாத கோபம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது.

*

ஒரு மணிக்குத் தண்ணீர் திறந்தார்கள். ஒரு மணிநேரம்தான் வரும். ஊர் முழுக்கக் குழாய்கள் இருமிவிட்டு ஊற்ற ஆரம்பித்தன.

முதலில் ஞானத்தின் வீடு.

“வா மக்கா, வா. பகல்ல வந்திருக்கியே, லீவா? சாயா போடட்டா?” ஞானம் சிரித்துக்கொண்டே வந்தாள். குப்பியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “அதுதான் அன்னைக்கே குடுத்தாச்சே?”

“அது கேன் வெள்ளம் சித்தி. இப்ப உங்க குழாயில நானே பிடிக்கணும்.”

“உனக்க அம்மைதான் அப்பிடி ஊத்தச் சொன்னா. இப்ப நீ வந்து இப்பிடிச் சொல்லுக. அம்மையும் மவளும் வீட்டுல இருந்து ஒரு வாக்குப் பேசிட்டு வாங்க, போ.”

“சித்தி, ஆத்து வெள்ளம் வரும். வேண்டாமா?”

“வேணும் மக்கா. வேண்டாம்னு யாரு சொன்னா?” ஞானம் குரலைத் தாழ்த்தினாள். “எனக்க மவனுக்கும் இப்பதான் ஒரு இடம் பேசுதோம். நீ நாளைக்கு ஒருத்தனைக் கெட்டி நல்ல வெள்ளம் உள்ள ஊருக்குப் போயிருவ. நாங்க இங்கதான் கிடக்கணும்.”

அடுத்த வீட்டில் அவள் வருவதைக் கண்டதும் குழாயை மூடிவிட்டார்கள். இங்கே குழாயை மூடுவது சின்ன விஷயமில்லை. ஒரு மணிநேர வெள்ளத்தில் ஒரு குடம் போனாலும் சண்டை வரும். அவளுக்காக மூடினார்கள்.

அதற்கடுத்த வீட்டில் வயதான ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையாக முழுவதும் கேட்டார். “நல்ல காரியம் மக்ளே. படிச்ச பிள்ளைங்க செய்யணும்,” என்றார். பிறகு, “மத்தவன் வீட்டுல பிடி,” என்றார்.

இருபத்திரண்டு வீடு. எல்லோருக்கும் ஆற்று வெள்ளம் வேண்டும். குப்பியில் இருக்கிற பெயர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனுடையதாய் இருக்க வேண்டும்.

ஒரு வீட்டில், “கெமிஸ்ட்ரி வந்திருக்கா, கதவைச் சாத்து,” என்று உள்ளிருந்து யாரோ சொல்ல, ரெண்டு பேர் சிரித்தார்கள். அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவளின் சிரிப்பும் அதில் இருந்தது. அந்தச் சிரிப்பை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

தெருவில் வெயில் மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளம் விழும் சத்தம். எல்லா வீட்டிலும் ஆள் உண்டு. அவளோடு நிற்க ஒருவரும் இல்லை. பையில் பன்னிரண்டு குப்பிகளும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

*

அந்த நேரத்தில் வீட்டில் தங்கபாய், நடந்ததைச் சொன்னதற்கு ஜெனித் பதிலாய் அனுப்பிய குரல் செய்தியை மூன்றாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்மா, ஜெபிக்கிட்ட சொல்லு. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் அவ சும்மா இருந்தா போதும். பிறகு என்ன வேணும்னாலும் எழுதட்டும். இங்க ரூமில எட்டு பேரு இருக்கோம். ஏழு பேரு சாயங்காலம் ஆனா வீட்டுக்காரிக்கிட்ட பேசுகானுங்க. நான் அந்நேரம் வெளிய போய் நிப்பேன். வேற என்ன செய்யதுன்னு தெரியல்ல.”

செய்தி முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. மகள் ஒரு வீட்டின் கேட்டில் நின்றாள். கேட் திறக்கவில்லை. அடுத்த கேட்டுக்கு நடந்தாள். சாரல் மழையில் நடப்பதுபோலத் தலையைக் குனிந்து நடந்தாள்.

அந்த நடை தங்கபாய்க்குத் தெரிந்த நடை. கல்யாணம் ஆகி வந்த புதிதில், இதே தெருவில், நல்ல வெள்ளம் உள்ள கிணறு எங்கேயாவது உண்டா என்று குடத்தோடு வீடு வீடாய்க் கேட்டுப் போனவள் அவள்.

*

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஜெபிஷா வீட்டுக்குத் திரும்பினாள். தோற்ற முகத்தை யாரிடமும் காட்டப் பிடிக்காமல் பின்பக்கமாக வந்தாள்.

பின்பக்கத்துக் குழாயடியில் அம்மா நின்றாள். குழாய் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே குடம் இல்லை, பக்கெட் இல்லை. வெள்ளம் சும்மா மண்ணில் போய்க்கொண்டிருந்தது. அம்மா இப்படி ஒரு சொட்டு வீணாக்கி ஜெபிஷா பார்த்ததில்லை.

“ரெண்டு நிமிஷம் ஓட விடணும்னு சொன்னியே,” என்றாள் தங்கபாய். “குப்பியைத் தா.”

“நான்தான் பிடிக்கணும் எம்மா.”

“செரி, நீ பிடி.”

மூன்று முறை அலசினாள். நிரப்பினாள். மூடினாள். பேனாவை எடுத்து ‘ர’ என்று தொடங்கும்போது அம்மா கையைப் பிடித்தாள்.

“அது எழுதாத.”

“பேரு இல்லாம இது செல்லாது.”

“பேரு வேண்டாம்னு சொல்லல. அந்தப் பேரு வேண்டாம். ரசலையன் வீடுன்னு போட்டா நேசம்மாளுக்குத் தெரிஞ்சிரும். அவனுக்குக் கல்யாணம் முடங்கும். சாயங்காலம் மத்தவனுங்க வீட்டுக்காரிக்கிட்ட பேசும்போ அவன் ரூமுக்கு வெளிய போய் நிக்கானாம்.” குப்பியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். “தங்கபாய்னு எழுது.”

“உனக்க பேரா?”

“என்னை இங்க எல்லாரும் ரசலையனுக்க வீட்டுக்காரி, ஜெனித்துக்க அம்மைன்னுதான் கூப்பிடுகினும். தங்கபாய்னா யாருன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அதனால ஒண்ணும் ஆகாது.”

அம்மா நகைச்சுவையாகச் சொல்லவில்லை. கணக்காக யோசித்துத்தான் சொன்னாள். ஜெபிஷா ‘தங்கபாய், கள்ளியடிவிளை’ என்று எழுதினாள். எழுதும்போது எழுத்து கோணியது. அம்மாவின் பெயரை இதற்கு முன் எங்கே எழுதினோம் என்று யோசித்தாள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ஒரு தடவை. அவ்வளவுதான்.

குழாய் இருமியது. வெள்ளம் நின்றது.

*

ஆய்வகத்தில் மணி நாலு. சிவப்பு நீலமாக மறுத்தது. பத்து மில்லி. பதினைந்து. பிரபின் பக்கத்தில் வந்து நின்றான். இருபது. குடுவையைச் சுழற்றிச் சுழற்றிக் கை வலித்தது. இருபத்தொன்பதில் திடீரென்று நீலம்.

ஐநூற்று எண்பது.

“ஒரு குப்பியை வச்சு என்ன செய்யப் போற?” என்றான் பிரபின்.

“அறுபது குப்பியும் தப்புன்னு சொல்ல ஒண்ணு போதும். திரும்பப் பிடிக்கச் சொல்லி எழுதுகேன். வேற ஆளை அனுப்பட்டும்.”

கடிதத்தில் சுற்றி வளைக்கவில்லை. ‘மாதிரிகளை நான் நேரில் பிடிக்கவில்லை. குப்பிகளை ஆலய வராந்தாவில் கொடுத்து வாங்கினேன். நேரில் பிடித்ததாகக் கையெழுத்திட்டது என் தவறு. ஊர் மக்களின் தவறு அல்ல.’ கடைசி வரியை எழுதும்போது பல்லைக் கடித்தாள். மத்தியானம் தெருவில் கேட்ட அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. ஆனாலும் அழிக்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். வெள்ளை அங்கியை மடித்து மேசையில் வைத்தாள். பிரபின் குடுவையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான்.

கோட்டாறு பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கியது. மண்டைக்காடு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் என்ன சொல்வது, ஜெனித்திடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

“ஜெபிஷாவா?” ஒரு பெண் குரல். மெதுவாக, யாருக்கோ பயந்து பேசுவதுபோல. “நான் சுனிதா. சிதறால்ல இருந்து. உங்க அண்ணனுக்கு... போட்டோ பாத்திருப்பீங்க.”

“ம்.”

“உங்க நம்பரை உங்க அண்ணனோட பேஸ்புக்ல இருந்து தேடி எடுத்தேன். எனக்க அம்மைக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கணும். உங்க அம்மை வெள்ளம் கல்கண்டுன்னு சொன்னாங்களாம். எனக்க கூடப் படிச்சவ ஒருத்தியை அந்தப் பக்கம்தான் கெட்டிக் குடுத்தது. அவ வேற மாதிரி சொல்லுகா.” சற்று நிறுத்தினாள். “எனக்கு உங்க அண்ணனைப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லிக் கொண்டு போனா மட்டும் பிடிக்காது. நீங்க படிச்சதே இதுதானே? நேராச் சொல்லுங்க. அங்க வெள்ளம் எப்படி?”

மண்டைக்காடு பஸ் வந்து நின்றது. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு ஏறியது. ஜெபிஷா ஏறவில்லை.

முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்க அவளுக்கு யாரும் இருக்கவில்லை. பதில் இப்போது ஜெபிஷாவின் வாயில் எண்ணாகவே தயாராக இருந்தது. அந்த எண்ணைச் சொன்னால், மஸ்கட்டில் ஒருவன் இன்று சாயங்காலமும் ரூமுக்கு வெளியே போய் நிற்பான்.

பைக்குள் கையை விட்டாள். பதினொரு காலிக் குப்பிகளுக்கு நடுவில் பாதி வெள்ளத்தோடு பன்னிரண்டாவது குப்பி கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

“சொல்லுகேன்,” என்றாள். “எனக்க கையில ஒரு குப்பி இருக்கு. அதுல எவ்வளவுன்னு சொல்லுகதுக்கு முன்னால, அதுல யாருக்க பேரு இருக்குன்னு சொல்லணும். உங்களுக்கு நேரம் உண்டா?”

பஸ் கிளம்பிப் போனது.

“உண்டு,” என்றது மறுமுனை.